ஏதென்ஸ் கோயிலுக்கு நடந்த ரீவொர்க்

"மலர், இங்க வாம்மா. இந்தத் தூணையெல்லாம் கொஞ்சம் எண்ணிப் பாரு."

சபாபதி சார் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் டீ கிளாஸ். டீயின் மேல் ஆடை படிந்துவிட்டது. ஆடை படிந்த டீயை அவர் தொடவே மாட்டார் என்பதால், வெகுநேரமாக அப்படியே நிற்கிறார் என்று புரிந்தது.

நான் எண்ணினேன். பாதியிலேயே நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

பெட்டிக்குள் இருந்தது ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தெனான் கோயிலின் சிறிய மாதிரி. ஒரு மேசை நீளம் இருக்கும். யாரோ ஒரு வெள்ளைக்காரர் நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு பிளாஸ்டரில் செய்தது. அதன் மதிப்பே அது இடிந்து கிடப்பதில்தான். அந்தக் காலத்தில் நிஜக் கோயில் எந்த நிலையில் கிடந்ததோ, அதே நிலையில் அவர் செய்திருந்தார். இரண்டு பக்கமும் நடுத்தூண்கள் விழுந்து, துண்டு துண்டாகத் தரையில் உருண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் பூட்டிவிட்டுப் போனபோது அப்படித்தான் இருந்தது. திங்கட்கிழமை விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலையில் வடக்குப் பக்கத்தில் ஒரு தூண்கூடக் குறையாமல் எல்லாம் எழுந்து நின்றன.

"கோயிலுக்கு உடம்பு குணமாயிடுச்சு போலிருக்கே" என்றார் சார். குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

போன வாரம் எங்கள் பழைய கம்பெனியின் கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தச் சாம்பாரைக் குடித்து உயிர் பிழைத்த பிறகு எங்கே வேலைக்குப் போனீர்கள் என்று சிலர் விசாரித்திருந்தார்கள். இங்கேதான் போனேன். இடிந்த கோயில்களுக்குக் காவல் இருக்க.

வேகன்சி இருக்கா?

ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் போகிற சாலையில் இடது பக்கம் அந்த ஷெட். ஒரு பக்கம் கார் சீட் உறை தைக்கும் கம்பெனி, இன்னொரு பக்கம் டயர் கோடவுன். நடுவில் 'உலகப் பழஞ்சின்னங்கள் மாதிரிக் காட்சியகம்' என்று நீலப் பலகை.

அந்தச் சாலையில் போகிற யாருக்கும் அது காட்சியகம் என்று தோன்றவே தோன்றாது. உள்ளே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் பயோடேட்டாவோடு வருவார்கள். "மேடம், வேகன்சி இருக்கா? டிப்ளமோ மெக்கானிக்கல்." மிச்சப் பேர் லாரி டிரைவர்கள். அவர்கள் கேட்பது கழிவறை. இரண்டு தரப்பையும் நான் பிரமிடு வழியாகத்தான் அனுப்பிவைப்பேன். போகிற போக்கில் பார்த்ததாகவும் இருக்கட்டுமே.

சபாபதி சார் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். டூல் ரூம் வைத்திருந்தார். வாழ்க்கை முழுவதும் கம்பெனிகளுக்கு வார்ப்பு அச்சு செய்து கொடுத்தவர். சென்னையில் ஒரு ஏலக்கடையில் இந்த ஏதென்ஸ் கோயிலைப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்த பித்தில் ரோமின் கொலோசியம், பிரமிடு, மனிதத் தலைச் சிங்கமான ஸ்பிங்க்ஸ், ஹம்பித் தேர் என்று ஷெட் நிறைந்துவிட்டது.

இவற்றில் ஒன்றைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. ஒருமுறை கிளம்பினார். மீனம்பாக்கம் வரை போய், பெட்டியை ஏற்றிய பிறகு, "இத்தனை பேர் ஒரே நேரத்துல மேல போறது எனக்குச் சரியாப் படலை" என்று திரும்பி வந்துவிட்டார். பெட்டி மட்டும் ஏதென்ஸ் போய் வந்தது. அந்தப் பெட்டியையும் காட்சியகத்தில் வைத்திருக்கிறார்.

எங்களுக்கு வயதாகிவிட்டது

நானும் கன்னியம்மாக்காவும் ஒரு சார்ஜர் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். நான் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். லைனில் வரும் பீஸைப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. நான் கண்டுபிடித்த குறையைச் சரிசெய்வது அவள் வேலை. அவள் உட்காரும் மேசைக்கு ரீவொர்க் டேபிள் என்று பெயர். நான் மாமியார், அவள் மருமகள் என்று லைனில் கிண்டல் செய்வார்கள்.

எங்கள் உலகில் மூன்று நிறங்கள்தான். நல்ல பீஸுக்குப் பச்சை ஸ்டிக்கர். கெட்ட பீஸுக்குச் சிவப்பு. அதை 'என்ஜி' என்போம். குறை எங்கே இருக்கிறது என்று காட்ட, சின்னச் சிவப்பு அம்பு ஒன்றும் ஒட்டுவோம்.

மூன்றாவது மஞ்சள். அளவு கொஞ்சம் தப்பியிருக்கும், ஆனால் வேலை செய்யும். கஸ்டமர் பார்த்து, பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டால் அனுப்பலாம். அதற்கு டீவியேஷன் என்று பெயர்.

கம்பெனி மூடியதும் நாங்கள் கேட் கேட்டாக ஏறி இறங்கினோம். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு லைனில் உட்கார இருபது வயதுப் பெண் வேண்டும். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே செக்யூரிட்டி, "ஹவுஸ்கீப்பிங்குக்குப் பின்பக்கக் கேட்டும்மா" என்பான். ஒரு கேட்டில் கன்னியம்மாக்கா அழுதேவிட்டாள். "கண்ணு தெரியுது, கை நடுங்கல, இன்னாடி கொறை என்கிட்ட?" என்று என்னைக் கேட்டாள். குறை கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருந்த எனக்கு ஒரு குறைகூட அகப்படவில்லை.

சபாபதி சார் வயதே கேட்கவில்லை. நூற்றைம்பது, இருநூறு வயதுப் பொருட்களோடு இருக்கிறவருக்கு நாங்கள் குழந்தைகளாகத் தெரிந்தோமோ என்னவோ. என்னைச் சுற்றிக்காட்டவும், அக்காவைத் துடைத்துப் பராமரிக்கவும் வைத்துக்கொண்டார்.

ஆனால் அக்காவுக்கு அந்த இடம் முதல் நாளிலிருந்தே ஒப்பவில்லை. "இன்னா மலரு, எல்லாமே என்ஜியா கீது? பிரமிடுக்கு உச்சி இல்ல. இந்தச் சிங்கத்துக்கு மூக்கு இல்ல. இந்த ரவுண்டு கட்டடத்துல பாதி செவரைக் காணோம். இதையெல்லாம் பாஸ் பண்ணி உள்ள வச்சவன் யாரு?"

வரலாறு என்று நான் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் துடைக்கும்போதெல்லாம் "ச்சு, ச்சு" என்று சத்தம் வரும்.

ஆடிட் வருகிறது

சாரின் மகன் கார்த்திக்குக் காட்சியகம் கண்ணை உறுத்தியது. பக்கத்தில் எல்லாரும் ஷெட்டைக் கோடவுனுக்கு விட்டுச் சம்பாதிக்கிறார்கள். "அப்பா, டிக்கெட் வாங்கினு உள்ள வந்தவன் ஒருத்தனைக் காட்டு" என்பார்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சென்னையிலிருந்து பழங்காலப் பொருள் நிபுணர் ஒரு மேடம் வருவார். ஏதென்ஸ் கோயில் உண்மையிலேயே அபூர்வமானது என்று அவர் சொன்னால், ஒரு பெரிய மியூசியம் அதைக் கண்காட்சிக்கு எடுத்துக்கொள்ளும், நம் ஷெட்டையும் பராமரிக்க உதவும். இல்லையென்றால் அடுத்த மாதமே ஷெட் காலி. பாலட் எனும் சரக்கு மரத்தட்டுகளை அடுக்க ஒரு பார்ட்ஸ் கம்பெனி காத்திருக்கிறது. மாதிரிகள் மொட்டைமாடிக்குப் போகும். நாங்கள் மறுபடி கேட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சார் எங்களைக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை மேடம் வந்து எல்லாத்தையும் இன்ஸ்பெக்ட் பண்ணுவாங்க. நம்ம பொழப்பு அவங்க கையிலதான் இருக்கு" என்றார்.

அவர் அவ்வளவுதான் சொன்னார். எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. கம்பெனியில் ஆடிட் வாரம் என்றால் என்ன என்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆடிட்டர் கண்ணில் ஒரு என்ஜி பீஸ் படக்கூடாது. ரீவொர்க் செய்ய முடிந்ததைச் செய்ய வேண்டும். முடியாததற்குச் சிவப்பு அம்பு ஒட்டிச் சிவப்புத் தொட்டியில் போட்டு, மாடிப்படிக்கு அடியில் தள்ள வேண்டும்.

நான் தரையைத் தேய்த்தேன், பல்பு மாற்றினேன். கன்னியம்மாக்கா திங்கட்கிழமை லீவிலும் வந்து வேலை செய்வதாகச் சொன்னாள். நல்ல மனசு என்று சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

தூண் முளைத்த கதை

"நான்தான் சார் பண்ணேன்" என்றாள் கன்னியம்மாக்கா. முகமெல்லாம் பெருமை. "நிக்கிற தூண்ல மெழுகு வச்சு அச்சு எடுத்தேன். பிளாஸ்டர் கலக்கி ஊத்தினேன். ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியுதா பாருங்க."

தெரியவில்லை. அதுதான் வேதனை.

"கீழ உருண்டு கெடந்த துண்டெல்லாம்?"

"ஸ்க்ராப்பு சார். கவர்ல போட்டு வச்சிகிறேன். தெற்கால பக்கமும் முடிச்சிருப்பேன். பிளாஸ்டர் பத்தல."

சார் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் சுற்றிலும் பார்த்தேன். கொலோசியத்தைக் காணோம். மாடிப்படிக்கு அடியில், ஒரு சிவப்புத் தொட்டிக்குள், பழைய கம்பெனியில் மிஞ்சியதென்று அக்கா பத்திரமாக வைத்திருந்த சிவப்பு அம்புகளை உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் உச்சியில்லாத பிரமிடு. ஸ்பிங்க்ஸ் மட்டும் இடத்திலேயே இருந்தது. அதற்கு அவள் மூக்கு செய்துவிட்டாள். காயட்டும் என்று சேலைமேல் போட்டிருந்த வேலைக் கோட்டின் பாக்கெட்டில் வைத்திருந்தாள்.

விஷயத்தைச் சொன்னபோது அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஒடைஞ்சிருக்கிறதுதான் ஓகே பீஸா? அப்ப நான் நல்லாக்கினது என்ஜியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு பாக்கெட்டிலிருந்த மூக்கை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

தூண்களைப் பிடுங்கலாமா என்று பார்த்தோம். இரண்டு டியூபைக் கலந்து ஒட்டும் பசை. தூணோடு பழைய தரையும் சேர்ந்து வந்துவிடும். உடைப்பது ஒன்றே வழி. பழைய போட்டோ இருக்கிறது, அதைப் பார்த்து அதே மாதிரி உடைத்துவிடலாம் என்று சார் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து வந்தார்.

எடுத்து வந்தாரே தவிர, அடிக்கவில்லை. என்னிடம் நீட்டினார். ஆயுள் முழுவதும் உடைசலைப் பிடித்துக் கொடுத்தவள் நான், எனக்குக் கை வரவில்லை. அக்காவிடம் நீட்டினேன். "ஓகே பீஸ நானே ஒடைக்கவா? கையி வெளங்குமா?" என்று சுத்தியலை வாங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து கார்த்தி உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "குடுங்க, நான் ஒடைக்கிறேன்" என்று சட்டைக் கையை மடித்தார்.

"ஐயோ வேணாம்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். சாலையில் போன டயர் கோடவுன் வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மேடத்தின் போன்

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். கையில் டார்ச், கழுத்தில் பூதக்கண்ணாடி. ஏதென்ஸ் கோயிலின் தெற்குப் பக்கத்தைப் பார்த்து "ஆஹா" என்றார். வடக்குப் பக்கம் போனார். பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மறுபடி தெற்கே வந்தார். மறுபடி வடக்கே போனார். கோயிலைப் பிரதட்சிணம் செய்வதாக நினைத்து அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சார் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மூக்கு உட்பட.

மேடம் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, தண்ணீர் வாங்கிக் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். அதில் ஒரு படத்தைக் காட்டினார். "இது இன்னைக்கு நிஜக் கோயில். இதே வடக்குப் பக்கம்."

தூண்கள் வரிசையாக நின்றன.

"அந்த ஊர்க்காரங்களே நூறு வருஷத்துக்கு முன்னாடி விழுந்ததையெல்லாம் தூக்கி நிறுத்திட்டாங்க. உடைஞ்ச இடத்துல புதுசா ஒட்டியும் வச்சிருக்காங்க."

கன்னியம்மாக்கா போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். வெகுநேரம் பார்த்தாள். "ஜாயிண்ட்டு தெரியுது" என்றாள். "என்னுதுல தெரியாது."

"அதுதாம்மா பிரச்சினையே" என்றார் மேடம். பிறகு சாரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தூக்கி நிறுத்தறதுக்கு முன்னாடி எப்படிக் கிடந்துச்சுன்னு காட்டறதுக்குத்தான் இதை எடுத்துக்க நினைச்சோம். இனிமே எடுக்க முடியாது சார். மன்னிச்சுக்குங்க."

அவருடைய கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. கார்த்தி போனைக் காதில் வைத்தபடி வெளியே நடந்தார். பாலட் கம்பெனியோடுதான் பேசுகிறார் என்று தெரிந்தது.

எனக்கு அப்போது பயம்தான். வருத்தமெல்லாம் பிறகுதான் வந்தது. பின்பக்கக் கேட் கண்ணில் வந்து நின்றது.

"நாளையிலருந்து நான் வரல சார்" என்றாள் கன்னியம்மாக்கா.

சார் கோயில் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு கேட்டார். "உங்க கம்பெனில, நல்லதுன்னும் சொல்ல முடியாம, கெட்டதுன்னும் சொல்ல முடியாம ஒரு பீஸ் வந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"மஞ்ச ஸ்டிக்கர் சார். டீவியேஷன். கஸ்டமர் கையெழுத்துப் போடணும்."

"இதுக்குக் கஸ்டமர் யாரு?"

அவள் யோசித்தாள். "காசு குடுத்து வாங்கினவரு நீங்கதான்."

சார் அவளிடமிருந்து ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை வாங்கி, அதில் கையெழுத்துப் போட்டு, கோயில் பெட்டியின் கண்ணாடி மேல் ஒட்டினார். "வேலைக்கு வந்துடு" என்றார்.

அளக்க வந்தவர்

இரண்டாம் நாள் பாலட் கம்பெனியிலிருந்து ஷெட்டை அளக்க ஒருவர் வந்தார். பிரபாகர் என்று பெயர். அவர்கள் கம்பெனியில் நிர்வாகமும் அவர்தான், புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவர்தான். டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, மாடிப்படி வரை இழுத்துக்கொண்டு போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"மேடம், இது என்ன?"

சிவப்புத் தொட்டிக்குள் கொலோசியம்.

"ரோம் நாட்டுக் கட்டடம் சார். ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்றாள் கன்னியம்மாக்கா.

"இந்த அம்பெல்லாம் யார் ஒட்டினது?"

"நான்தான். கொறை எங்கன்னு காட்ட வேணாமா?"

பிரபாகர் குனிந்தார். அம்பு இருக்கும் இடத்தையெல்லாம் பார்த்தார். அம்பைப் பிய்த்துவிட்டு, தானே தேடிப் பார்த்தார். அவர் கண்டுபிடித்தது பாதிகூட இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வளைவுல ஒரு க்ராக், மேல சிப்பிங், இங்க மெட்டீரியல் மிஸ்ஸிங்" என்று காட்டினேன். டேப் சுருண்டு உள்ளே போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை.

"எங்க புதுப் பொண்ணுங்களுக்குக் கண்ணு படிய மாட்டேங்குது" என்றார் அவர். "சின்னப் பார்ட்டைக் குடுத்தா அஞ்சு நிமிஷத்துல கண்ணு வலிக்குதுங்கறாங்க. இதுல பழக்கினா..."

இப்படியாக, பாலட்டுக்கு என்று வாடகைக்கு எடுத்த ஷெட்டில் பாலட் வரவேயில்லை. வாரம் ஒருமுறை கம்பெனி பஸ் வந்தது. நீலக் கோட்டு போட்ட பெண்கள் கையில் அட்டையோடு இறங்கி, உலக அதிசயங்களில் குறை கண்டுபிடித்தார்கள். கார்த்திக்கு வாடகை வந்தால் போதும். இடிந்ததெல்லாம் பயிற்சிக்கான என்ஜி மாதிரி. ஏதென்ஸ் கோயிலின் வடக்குப் பக்கம் ஓகே மாதிரி.

"ஏக்கா, இந்தப் பக்கம் பூராவும் இடிஞ்சிருக்குல்லா, இதை ஒரே குறையா எழுதணுமா, தனித்தனியா எழுதணுமா?" என்று ஒரு திருநெல்வேலிப் பெண் கேட்டாள். ரோமாபுரியின் வீழ்ச்சியைப் பற்றி இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. தனித்தனியாகத்தான் எழுத வேண்டும் என்று சொன்னேன்.

சாருக்கு முதலில் மனசு வலித்தது. பிறகு கவனித்தார். யாரும் எட்டிப் பார்க்காத கொலோசியத்தை இந்தப் பெண்கள் ஒவ்வொரு வளைவாக, ஒவ்வொரு கல்லாகப் பார்க்கிறார்கள். அவர் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். ஸ்பிங்க்ஸின் மூக்கு மட்டும் அவருடைய மேசை டிராயரில் பத்திரமாகப் பூட்டி இருக்கிறது.

செவப்பு

எங்கள் இரண்டு பேரையும் பயிற்சியாளராகப் பதிவு செய்ய ஒருநாள் பிரபாகர் லேப்டாப்போடும் எங்களுக்கான புது அடையாள அட்டைகளோடும் வந்தார்.

"பேரு?"

"கன்னியம்மா."

"வயசு?"

அவள் சொன்னாள். ஒரு வருடம்கூடக் குறைக்கவில்லை. பிரபாகர் தட்டிவிட்டு, கையை எடுத்தார். "சிஸ்டம் எடுக்கலையேக்கா. முப்பத்தஞ்சுக்கு மேல போட்டா செவப்பாயிடுது."

திரையில் அவள் வயது சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அழவில்லை. எழுந்து துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். மேசை மேல் இருந்த மஞ்சள் ஸ்டிக்கரில் ஒன்றைக் கிழித்தார். கையெழுத்துப் போட்டார். அவளுடைய அடையாள அட்டையை எடுத்து அதன் மேல் ஒட்டினார்.

"டீவியேஷன்" என்றார். "உங்க மேலதிகாரிக்குப் போன் போட்டு, கஸ்டமர் ஒத்துக்கிட்டாருன்னு சொல்லுங்க."

"நீங்க எப்படி சார் கஸ்டமர்?"

"நான் கஸ்டமர் இல்லேன்னு அவரை வந்து சொல்லச் சொல்லுங்க."

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் எதை வேண்டுமானாலும் மறுக்கலாம், கஸ்டமரை மறுக்க முடியாது. பிரபாகர் போனில், "ஆமா சார், கஸ்டமர் கேக்கறாரு சார், இல்ல சார், ரொம்ப ஸ்ட்ராங்கா கேக்கறாரு சார்" என்று சொல்லிக்கொண்டே தலையை ஆட்டினார். சற்று நேரத்தில் சிவப்புக் கட்டம் மறைந்தது.

நான் என் அட்டையை மேசை மேல் வைத்தேன். "எனக்கும் ஒண்ணு ஒட்டுங்க சார்."

ஒட்டினார். அவசரத்தில் கோணலாக ஒட்டிவிட்டார். கன்னியம்மாக்காவின் கண் உடனே அங்கே போனது. "கோணையா கீது மலரு" என்று நகத்தால் பிய்க்க வந்தாள்.

நான் அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"இருக்கட்டும்க்கா."

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற தன் தூண்களைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். என் அட்டையில் அந்த ஸ்டிக்கர் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது.